கொம்பையா பெயரில் ஓர் இணைப்பு

அக்டோபர் 19, புதன்

காலையில் மோட்டார் ஓடவில்லை. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பள்ளிக்கு நேரமாகிறதென்று நான் கத்திக்கொண்டிருந்தபோது மாடிவீட்டுக் கொம்பையா இறங்கி வந்தான். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே கருகிக் கிடந்த பல்லியைக் குச்சியால் தள்ளிவிட்டு, "இப்பம் போடுங்க சார்" என்றான். ஓடியது.

அவனும் அவன் அக்கா இசக்கியம்மாளும் குடிவந்து எட்டு மாதமாகிறது. அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவன் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறான். இந்த ஊரில் நான்கு வீட்டில் சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்று அனுப்பியிருக்கிறார்கள். நான் தெருவைக் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தேன். என் மனைவி ஹெப்சிபாவின் அண்ணன்கூட என்னை ஒருமாதிரி பார்த்தார். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலைக்காகக் கொம்பையா தன் பெயரில் வேகமான இணைய இணைப்பு எடுத்திருக்கிறான். வந்த முதல் வாரமே, "பாஸ்வேர்ட குறிச்சுக்கிடுங்க சார். எனக்கு ஒருத்தனுக்கு எதுக்கு இவ்வளவும்?" என்றான். அதற்குப் பிறகு நான் தனியாக இணைப்பு வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை தீபாவளிப் படம் வருகிறது. அவன் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டானாம். அந்த நடிகர் என்றால் அவனுக்கு உயிர். மாடி அறைச் சுவரில் ஆள் உயரத்துக்குப் படம் ஒட்டியிருக்கிறான்.

வெள்ளியன்று பள்ளிக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். பல்வலி என்று சொல்லலாம்.

அக்டோபர் 21, வெள்ளி

பல்வலி.

'கடல்வலை' என்றொரு தளம் இருக்கிறது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் படங்களை ஏற்றி, இறக்கி, பகிர்ந்துகொள்ளும் இடம். அதில் 'முனைவர்' என்ற பெயரில் ஒருவர் படம் ஏற்றுகிறார். எதையும் எதிர்பார்க்காமல் செய்கிறார். முனைவரின் பிரதி என்றால் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்காது. வெளிநாட்டுத் தியேட்டரில் யாரோ முன்கூட்டியே பிடித்து அனுப்பிய பிரதியிலிருந்து இருமல், விசில் எல்லாவற்றையும் சலித்து எடுத்திருப்பார். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

இன்று பிற்பகல் இரண்டு இருபதுக்குப் படம் ஏறியது. ஆறு மணிக்குள் நாற்பதாயிரம் பேர் இறக்கிவிட்டார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர், முனைவருக்குக் கோயிலே கட்டலாம் என்று எழுதியிருக்கிறார். இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். ஒரு பையன் எழுந்து நின்று நன்றி சொன்னதில்லை. ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்து, வழிகாட்டியோடு சண்டை போட்டு, பாதியில் விட்டவன் நான். அது வேறு கதை.

மதியம் ஹெப்சிபா சோற்றுத் தட்டோடு அறை வாசலில் நின்று, "இன்னைக்கும் இதுதானா?" என்றாள். கதவைச் சாத்து என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. தட்டு விழுந்து சாம்பார் சுவரெல்லாம் தெறித்துவிட்டது.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. இசக்கியம்மாள் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து ஹெப்சிபாவிடம் கொடுத்தாள். கொம்பையா முகம் தொங்கிப் போயிருந்தது.

"படம் அன்னைக்கே நெட்டுல வந்துட்டு சார். எவனோ ஏத்திட்டான். எங்க ரசிகர் மன்றத்துப் பயலுவ கொதிச்சுப்போய்க் கெடக்கானுவ."

"பாவம், எத்தனை பேர் உழைப்பு" என்றேன். ஹெப்சிபா அதிரசத் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 26, புதன்

கடல்வலை இல்லை. காலையில் திறந்தால் கறுப்புப் பலகை ஒன்று வருகிறது. நீதிமன்ற உத்தரவுப்படி முடக்கப்பட்டது என்று இரண்டு வரி. பதினோரு வருடம் இருந்த இடம். உறவினர் யாரோ செத்ததுபோல உட்கார்ந்திருந்தேன்.

ஆசிரியர் அறையில் இதே பேச்சு. வெளிநாட்டில் இருந்த அதன் சர்வர்களை அந்த ஊர்ப் போலீஸ் கைப்பற்றிவிட்டதாம். யார் யார் எந்த இணைப்பிலிருந்து ஏற்றினார்கள் என்ற பட்டியல் இங்கே வந்திருக்கிறதாம். கணக்கு ஆசிரியர் அருமைநாயகம் கைபேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர்ல பாத்தீயளா? மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாமாம். எம் மவன்தான் எறக்கிக் குடுத்தான். பாத்தவனையும் புடிப்பானுவளோ?"

"பாத்தவனுக்கு அலையமாட்டாவ. ஏத்துனவனத்தான் முதல்ல தேடுவாவ" என்றார் தமிழாசிரியர். "நெட்டு எவன் பேர்ல இருக்கோ, அவன் வாசல்லதான் மொதல்ல ஜீப் நிக்கும்."

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஓம் விதி நடத்த வேண்டியிருந்தது. இரண்டு முறை தப்பாக எழுதி அழித்தேன்.

அக்டோபர் 27, வியாழன்

பழைய சாமான்களை உடைத்து ஒழித்தேன். கணினி ஒன்று, படங்களைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் நான்கு. சுத்தியல் பிடி கழன்றுவிட்டது. அம்மிக்குழவியை எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஆற்றுப் பாலத்திலிருந்து போட்டேன். புதுக்கைப்பிடி வாங்க வேண்டும்.

அக்டோபர் 29, சனி

காலை பத்து மணிக்கு ஒரு ஜீப்பும் ஒரு காரும் வந்தன. காக்கி உடையில் இரண்டு பேர், சாதாரண உடையில் நான்கு பேர். கேட்டைத் திறந்த ஹெப்சிபாவைத் தள்ளிவிட்டு நேரே மாடிக்கு ஏறினார்கள்.

கொம்பையா சாப்பிட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. கையில் இட்லி ஒட்டியிருந்தது. முன்மயிரைப் பிடித்து ஒருவனும் பனியனைப் பிடித்து ஒருவனுமாக இழுத்து வந்தார்கள். பதினாறு படி. நடுவில் கால் இடறி விழுந்தவனைத் தூக்கவில்லை, அப்படியே இழுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் முழங்கால் இடிக்கும் சத்தம் எனக்கு அறைக்குள் கேட்டது.

"லே, நீதான முனைவர்? பெரிய டாக்டரு!" என்று கேட்டு ஒருவர் அவன் வாயில் குத்தினார். இட்லியோடு இரத்தம் வந்தது.

"முனைவர் யாருன்னே தெரியாதுய்யா! நெட்டுதான்யா எம் பேரு... சார்! தனசிங் சார்! நீங்க சொல்லுங்க சார்!"

என்னைத்தான் கூப்பிட்டான். நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவசரத்தில் பொத்தான் மாறி மாறி விழுந்தது. வெளியே வந்தபோது ஜீப் தெருமுனை திரும்பிவிட்டது. அவனுடைய கணினியையும் கொண்டுபோய்விட்டார்கள். ஒற்றைச் செருப்பு படியில் கிடந்தது.

இசக்கியம்மாள் மருத்துவமனையில் இருந்தாள். ஹெப்சிபாதான் போன் செய்தாள்.

அக்டோபர் 30, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து படுத்தேன். தொலைக்காட்சியில் நேற்றிலிருந்து எங்கள் வீட்டைக் காட்டுகிறார்கள். தெருப் பெயர், கேட்டின் நீல நிறம், எல்லாம்.

மூன்று மணிக்கு வந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் சட்டையில் அந்த நடிகரின் முகம். முதல் கல் எங்கள் முன்னறைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து சுவரில் இருந்த காலண்டரைக் கிழித்தது. அடுத்து கேட் விழுந்தது. கம்பை வைத்துக்கொண்டு ஒருவன் என் நெஞ்சுக்கு நேரே நின்றான். இருபது வயது இருக்கும். என் பள்ளியில் படித்தவனாகக்கூட இருக்கலாம்.

"படத்த ஏத்துனவன் வீடு எது?"

நான் வழி காட்டவில்லை. கேட்டான், மாடி என்று சொன்னேன். மாடி எது என்று யாருக்கும் தெரியும்.

மேலே இசக்கியம்மாள் தனியாக இருந்தாள். கதவை உடைக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிவி, சமையல் பாத்திரம், அரிசி டப்பா, அவளுடைய வெள்ளை யூனிபார்ம், எல்லாம் மேலிருந்து பறந்து வந்து முற்றத்தில் விழுந்தன. பிறகு சட்டென்று சத்தம் நின்றது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது.

"எந்தம்பியும் ஒங்க மன்றம்தான்யா! கார்டு இருக்கு, எடுத்துக் காட்டுதேன்!" என்று அவள் கத்துவது கேட்டது.

"அண்ணன் படத்த ஒட்டிவச்சுக்கிட்டே அண்ணன் வயித்துல அடிச்சிருக்கானா?" என்று ஒருவன் கேட்டான். அதன் பிறகு முன்னைவிட மோசமாக அடித்தார்கள். அவளைத் தலைமுடியைப் பிடித்துப் படியில் இறக்கினார்கள். கன்னத்தில் மாறி மாறி அறைந்தார்கள். ஒருவன் காலால் விலாவில் மிதித்தான். கொம்பையாவின் பைக்கைச் சாய்த்து, அதன் பெட்ரோலையே ஊற்றிக் கொளுத்தினார்கள்.

ஹெப்சிபா அடுப்படியிலிருந்து ஓடிப்போய் அந்தப் பெண்ணின்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். அவளுக்கும் முதுகில் இரண்டு விழுந்தது. "ஏல, பொம்பள! போதும்ல!" என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். கிளம்பிவிட்டார்கள்.

நான் எங்கே இருந்தேன் என்று பிறகு ஹெப்சிபா கேட்டாள். போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன் என்றேன். எண் கிடைக்கவில்லை.

அக்டோபர் 31, திங்கள்

நான்கு மணிக்கு ஆய்வாளர் வந்தார். மரியாதையான மனிதர். வாசலிலேயே, "சாருக்கு சிரமம் குடுக்கோம்" என்றார். நாற்காலி போட்டேன். டீ கொண்டுவரச் சொன்னேன்.

கொம்பையாவை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். இரண்டு நாளில் ஆளே மாறிவிட்டான். ஒரு கண் மூடிக்கொண்டது. பாதத்தைத் தரையில் வைக்க முடியவில்லை. இரண்டு காவலர்கள் கக்கத்தில் கைகொடுத்து முற்றத்தில் உட்கார வைத்தார்கள். எரிந்துபோன தன் பைக்கின் பக்கத்தில் உட்கார்ந்தான். அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

ஆய்வாளர் சொன்னார்: "சார், நெட்டு இவன் பேர்லதான் இருக்கு. படம் இந்த நெட்டுல இருந்துதான் ஏறியிருக்கு. அன்னைக்கு ரெண்டு மணிக்குத் தியேட்டர்ல இருந்தேங்கான். கேட்டா, கீழ்வீட்டுலயும் இதே நெட்டத்தான் பயன்படுத்துதாவங்கான். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

"சார்" என்றான் கொம்பையா. வீங்கிய வாயில் சொல் சரியாக வரவில்லை. "கம்ப்யூட்டர் ஒங்ககிட்ட இருக்குல்லா சார். பாஸ்வேர்ட நாந்தான தந்தேன். நீங்க பண்ணுனீயன்னு நான் சொல்லல சார். ஒங்களுக்கும் தந்தேன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும் சார்."

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். என்னிடம் கணினி இல்லை என்றேன். அது உண்மை. வியாழனிலிருந்து இல்லை. பாஸ்வேர்டு எதுவும் எனக்குத் தெரியாது, சினிமாவே பார்ப்பதில்லை, பள்ளி உண்டு, கோயில் உண்டு என்றேன்.

ஆய்வாளர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "வாத்தியார் மேலயாலே பழி போடுத? வீடு குடுத்து வச்சிருக்காரு ஒனக்கு. எவன்லே குடுப்பான்?" எழுந்தார். கொம்பையா வலது கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவர் பூட்ஸ் காலை அதன்மேல் வைத்து, முழுப் பாரத்தையும் ஏற்றி, சிகரெட்டை அணைப்பதுபோலத் திருப்பினார்.

காய்ந்த முருங்கைக்கம்பு ஒடிவதுபோல இருந்தது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. அவன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கி வெகுநேரம் நிறுத்தவில்லை.

ஹெப்சிபா டீயோடு நிலைப்படியில் நின்றாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. ஆய்வாளர் ஒன்றை எடுத்துக் குடித்தார். "நல்ல டீம்மா" என்றார்.

நவம்பர் 1, செவ்வாய்

ஹெப்சிபா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். புருவத்தில் ஐந்து தையல்.

நவம்பர் 3, வியாழன்

மாடியில் கதவு இல்லை. சேலையைத் தொங்கவிட்டுக்கொண்டு இசக்கியம்மாள் அங்கேயேதான் இருக்கிறாள். இன்று ஹெப்சிபாவுக்குக் கட்டு மாற்றுவதற்காகக் கீழே வந்தாள். அவள் உதடும் வெடித்துத்தான் இருக்கிறது. விலாவைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். ஆனாலும் பஞ்சை நனைத்து மெதுவாக, வலிக்காமல் எடுத்தாள்.

"எப்படிக்கா விழுந்தீய?"

"பாத்ரூம்ல" என்றாள் ஹெப்சிபா.

இசக்கியம்மாள் அவள் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். தாடையின் கீழே விரலை வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்ரூம் தரை கழுத்தப் புடிக்குமா சார்? நாலு வெரலு அப்படியே பதிஞ்சு கெடக்கு."

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். குடும்ப விஷயத்தில் வெளியாள் பேசுவது எனக்குப் பிடிக்காது என்றேன்.

"வெளியாளுதான் சார்" என்றாள். "எந்தம்பிய ரிமாண்டு பண்ணி எங்க ஆஸ்பத்திரிலயே போலீஸ் காவல்ல போட்டுருக்காவ. மூணு வெரலு நொறுங்கிப்போச்சு. கீழ விழுந்தான்னு எழுதிக் குடுத்திருக்காவ. இந்த வாரம் எல்லாரும் கீழதான் விழுதாவ போல."

அவள் போனபின் ஹெப்சிபாவிடம், மாடி ஆட்களோடு இனி எந்தப் பேச்சும் கூடாது என்று சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். ஆனாலும் அவள் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நவம்பர் 5, சனி

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். வார்டு வாசலில் காவலர் உட்கார்ந்திருந்தார். பள்ளி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து வழிவிட்டார்.

கொம்பையா தூங்கவில்லை. கை முழங்கை வரை மாவுக்கட்டு. இடது காலில் விலங்கு, கட்டிலோடு. என்னைப் பார்த்தான். நான் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, வக்கீல் வைத்தாயிற்றா, மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று ஏதேதோ பேசினேன்.

கடைசியில் அவன் கேட்டான்: "கம்பெனியில வேற ஆளப் போட்டுட்டாவளாம் சார். எடது கையால வரையப் பழகிரலாமா?"

பழகலாம் என்றேன். உலகத்தில் பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர்தான் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தேன். வழியில் சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன். மதியம் சாப்பிட்ட மீன் சரியில்லை.

நவம்பர் 8, செவ்வாய்

ஹெப்சிபா காலையில் ஜெபக்கூட்டத்துக்கு என்று போனாள். ஒரு மணிக்கு வரவேண்டியவள் நான்காகியும் வரவில்லை. ஐந்து மணிக்கு அருமைநாயகம் போன் செய்தார். கோர்ட்டு வராந்தாவில் அவளைப் பார்த்தாராம். இசக்கியம்மாளோடும் ஒரு வக்கீலம்மாவோடும் நின்றாளாம்.

"ஒங்க வீட்டம்மா மாஜிஸ்திரேட்டு முன்னால வாக்குமூலம் குடுத்திருக்காவளாம்லா. நெசமா சார்? முனைவர்ங்கிறது நீங்களா?"

போனைச் சுவரில் அடித்தேன். பிறகு கண்ணில் பட்டதையெல்லாம். அலமாரிக் கண்ணாடி, அவள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பீங்கான் கோப்பைகள், தையல் மெஷின். மெஷினை வாசலில் தூக்கிப்போட்டபோது காலில் விழுந்து பெருவிரல் நகம் பெயர்ந்தது. இரத்தம் நிற்கவில்லை. அதைத் துடைக்கக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை என்று தோன்றியபோதுதான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். யாருக்காக இப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. வேறு யாரும் இதைப் படிக்கப்போவதில்லை.

எழுதிவிடுகிறேன். அவள் வழுக்கி விழவில்லை. முதல் தேதி காலையில், ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்க, இல்லாவிட்டால் நான் போவேன் என்றாள். கழுத்தைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினேன். ஒரு தடவை இல்லை. அவள் கத்தவில்லை. "கத்தினா அந்தப் புள்ள மேல இருந்து ஓடி வந்துரும். அதுக்கு விலா ஒடிஞ்சிருக்கு" என்றாள். இரத்தம் கண்ணில் இறங்கும்போதும் அதைத்தான் சொன்னாள். தட்டும் அன்றைக்குத் தானாக விழவில்லை.

முனைவர் நான்தான்.

நவம்பர் 27, ஞாயிறு

பத்தொன்பது நாளாக எழுதவில்லை. ஒன்பதாம் தேதி காலையில் கைது செய்தார்கள். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே இருந்ததால் இந்த நோட்டு அவர்கள் கையில் சிக்கவில்லை. நேற்று ஜாமீனில் வந்தேன். பள்ளியில் தற்காலிக நீக்கம். கடிதம் கதவிடுக்கில் செருகியிருந்தது.

காவல் நிலையத்தில் என்ன நடந்தது என்பதை எழுத வேண்டும். அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஜீப்பில் போகும்போதே பல்லைக் கடித்துக்கொண்டேன். மூத்திரம் முட்டியது.

உள்ளே போனதும் ஆய்வாளர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க சார். என்ன சார் நீங்க, அன்னைக்கே எங்கிட்டத் தனியா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. படிச்சவங்க. ஏதாவது பாத்திருக்கலாம்."

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. என் வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்தேன். பக்கத்து அறையில் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ பைக் திருட்டாம். தடி உள்ளங்காலில் விழும் சத்தமும் "யம்மா" என்ற குரலும் முறை வைத்து வந்துகொண்டிருந்தன. ஆய்வாளர் எழுந்துபோய் நடுக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தொந்தரவா இருக்கும் சார்" என்றார்.

அங்கே கொம்பையா இருந்திருக்கிறான். இரண்டு நாள். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்.

சிறையிலும் என்மேல் யாரும் கை வைக்கவில்லை. படுக்க மின்விசிறிக்குக் கீழே இடம் கொடுத்தார்கள். வார்டர் ஒருவர், அடுத்த பொங்கல் படம் எப்படி வரும் சார் என்று கேட்டுச் சிரித்தார்.

ஹெப்சிபா நாசரேத் ஊரில், அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நேற்று அங்கே போனேன். அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவள் ஜன்னலுக்கு வந்தாள். புருவத்தில் முடி இன்னும் முளைக்கவில்லை.

"ஜாமீனுக்கு நாந்தான் எங்கண்ணன்கிட்டக் கையெழுத்துப் போடச் சொன்னேன்" என்றாள். "உள்ள கெடந்து சாகக்கூடாதுன்னு. ஆனா அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன். நீங்களும் இங்க வராதிங்க."

"மன்னிப்புக் கேக்கேன் ஹெப்சி."

"எங்கிட்டக் கடைசியாக் கேளுங்க" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

நவம்பர் 28, திங்கள்

ஜாமீன் நிபந்தனைப்படி இன்று கோர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு மணிக்கே போய்விட்டேன். கொம்பையாவும் வந்திருந்தான். அவனும் ஜாமீனில்தான் வெளியே இருக்கிறான், அவன் வழக்கு முடியவில்லை. நான் ஒப்புக்கொண்ட பிறகும், இணைப்பு அவன் பெயரில் இருப்பதால் அவனும் குற்றம்சாட்டப்பட்டவன்தான். விடுவிக்கச் சொல்லி மனுப் போட்டிருப்பதாகவும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றும் என் வக்கீல் சொன்னார். ஆய்வாளர்மேல் இசக்கியம்மாள் கொடுத்த புகாருக்கு ஒரு எண் மட்டும் கொடுத்திருக்கிறார்களாம்.

அக்காவும் தம்பியும் டைப் அடிக்கும் கடையோரம் நிழலில் நின்றார்கள். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மூன்று விரலும் உள்பக்கமாக வளைந்து, கோழிக்கால்போல ஒட்டி நிற்கின்றன. இடது கையால் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கத் தொடையிடுக்கில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். உதவிக்குக் கை நீட்டினேன். இசக்கியம்மாள் பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"வீட்டக் காலி பண்ணிட்டோம் சார். சாவி எதிர்வீட்டுல இருக்கு" என்றாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ஒரு சிஸ்டரு கூட. வீடு தேடுதோம். முன்னெல்லாம் தெருவத்தான் கேப்பாவ. இப்பம் கேஸையும் சேத்துக் கேக்காவ."

நான் அவன் காலடியில் மண்டியிட்டேன். வக்கீல்களும் வாய்தாவுக்கு வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"கொம்பையா, என்னை அடிச்சிரு. எல்லாரும் பாக்கவே அடிச்சிரு. செருப்பக் கழத்தி அடி. அந்தக் கல்ல எடுத்து எங் கையில போடு. ஒருத்தர்கூட இன்னும் என்னைத் தொடல. என்னால தாங்க முடியல."

இசக்கியம்மாள் ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். தம்பி அவள் முன்கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் கோபம் இருந்தது. அதை நான் பார்த்தேன். வளைந்த விரல்கள் மூடப் பார்த்து, முடியாமல் நடுங்கின. ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, வாசலில் நின்ற இரண்டு காவலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களும் எங்களைத்தான் கவனித்தார்கள். ஒருவர் தடியைக் கக்கத்திலிருந்து கைக்கு மாற்றினார்.

"எந்திரிங்க சார்" என்றான் கொம்பையா, குரலைத் தாழ்த்தி. "சீக்கிரம் எந்திரிங்க. ஒங்கள அடிச்சா, மறுபடியும் என்னையத்தான் கூட்டிட்டுப் போவாவ."